டேக்வாண்டோ வகுப்பில் மாதக்கணக்கில் அதே நாலு கிக்தானா?

உங்கள் மகளுக்கு மாதக்கணக்கில் அதே நாலு கிக்கையே சொல்லித் தருகிறார்கள், பணம் வீணாகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. யூடியூபில் பறந்து அடிப்பதைப் பார்த்துவிட்டு வகுப்பை மாற்ற நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. அவசரப்படாதீர்கள்.

அந்த நாலில் ஆப் சாகி, அதாவது முன் உதை, என்பது முழங்காலை மடக்கித் தூக்கி, விரல்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, பாதத்தின் முன்பகுதியால் நேராக அடிப்பது. போட்டியில் இதற்குப் புள்ளி விழுவது அபூர்வம். ஆனால் முழங்கால் தூக்கப் பழகாமல் மற்ற எதுவும் வராது. டோல்யோ சாகி, அதாவது காலைப் பக்கவாட்டில் சுழற்றி அடிக்கும் உதைதான், களத்தில் அதிகம் அடிப்பது. ஊன்றிய கால் திரும்பாமல் அடித்தால் மூட்டு முறுக்கிக்கொள்ளும், அதனால்தான் மாஸ்டர்கள் அதை விடாமல் திருத்துகிறார்கள்.

கல்லூரி நாட்களில் ஒரு மாவட்டப் போட்டியில் என்னைவிட ஒரு தலை உயரமான பெண் எதிரே வந்தாள். என் தலைக்கே குறி வைத்தாள். முன்காலால் யோப் சாகி, அதாவது பக்க உதை, போட்டுப் போட்டு அவளை நெருங்க விடாமல் தள்ளியே வைத்திருந்தேன். பொறுமையிழந்து பின்காலால் டோல்யோ சாகியைச் சுழற்றினாள். அவள் இடுப்பு திரும்பிய கணமே நானும் முதுகைக் காட்டித் திரும்பி ட்வி சாகி, அதாவது பின் உதை, கொடுத்தேன். குதிகால் நேராக செஸ்ட் கார்டில் இறங்கியது. ஆட்டமே அதில்தான் மாறியது. இப்போதைய விதிப்படி உடம்பில் சாதாரண உதைக்கு 2 புள்ளி, திரும்பி அடித்தால் 4. தலைக்கு 3, திரும்பி அடித்தால் 5. மாஸ்டர் எங்களைச் சுவரைப் பிடித்துக்கொண்டு சலிக்கச் சலிக்கச் செய்யவைத்த அதே பின் உதைதான் அது.

தெருச்சண்டைக்கு இது உதவுமா என்று யாராவது கிளம்புவார்கள். நான் போட்டியைப் பற்றித்தான் சொல்கிறேன். இங்கே இடுப்புக்குக் கீழே உதைத்தால் எதிராளிக்கு 1 புள்ளி போய்விடும். லண்டன் 2012 ஒலிம்பிக்கிலிருந்து சென்சார் வைத்த கவசம் வந்தபின் முன்காலைத் தூக்கிவைத்துத் தட்டுவதே ஆட்டமாகிவிட்டது என்ற குறையில் உண்மை இருக்கிறது. அதற்காக அடிப்படை உதைகள் தேவையில்லை என்று ஆகிவிடாது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் படித்த பள்ளியில் பத்தாம் வகுப்பு வந்ததும் பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சருக்குக் கொடுத்துவிட்டார்கள். போட்டிக்குப் போக விடுப்பு கேட்டால், மார்க் குறைந்தால் யார் பொறுப்பு என்பார்கள். என் அண்ணன் மகள் படிக்கும் பள்ளியிலும் இன்றைக்கு அதே கதைதான். உங்கள் மகள் பள்ளியிலும் அப்படி நடந்தால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் முதலில் அதைக் கேளுங்கள்.