கேளுங்கள், பதில் தருகிறோம்: செப்டம்பர் 16

புக்கிட் மெர்தாஜாம் வாசகி: என் மகள் பிறந்தது செப்டம்பர் 16-ஆம் தேதி. மலேசியா தினமும் அன்றுதான் என்பதில் அவளுக்குப் பெரும் பெருமை. ஆகஸ்டு 31 ஏற்கெனவே சுதந்திர தினமாக இருக்க, மலேசியா உருவாவதற்கு இந்தத் தேதி எப்படி அமைந்தது? அப்போதைய சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் இயூவின் பிறந்தநாள் என்பதால்தான் என்று என் மாமனார் சொல்கிறார்.

பதில்: உங்கள் மாமனார் சொல்லும் தேதி சரி, காரணம்தான் வேறு. லீ குவான் இயூ 1923 செப்டம்பர் 16 அன்று பிறந்தவர். மலேசியா உருவான நாளில் அவருக்கு 40 வயது நிறைந்தது. ஆனால், மலாயா, சிங்கப்பூர், சபா, சரவாக் ஆகியவற்றை இணைத்து மலேசியாவை உருவாக்க 1963 ஜூலை 9 அன்று லண்டனில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் குறிக்கப்பட்டிருந்த நாள் ஆகஸ்டு 31. இந்தோனேசியாவும் பிலிப்பீன்ஸும் எதிர்ப்புத் தெரிவித்ததால், சபா, சரவாக் மக்களின் விருப்பத்தை ஐக்கிய நாடுகள் சபை அறிந்து சொல்ல வேண்டும் என்று மணிலாவில் உடன்பாடு ஏற்பட்டது. லாரன்ஸ் மிச்சல்மோர் தலைமையிலான குழு ஆகஸ்டு நடுப்பகுதியில்தான் பணியைத் தொடங்கியது. மாத இறுதிக்குள் அதை முடிக்க வழியில்லை. ஆகவே, செப்டம்பர் 16-இல் மலேசியா உருவாகும் என்று ஆகஸ்டு 29 அன்று கோலாலம்பூர் அறிவித்தது. மக்கள் மலேசியாவை ஆதரிக்கின்றனர் என்னும் முடிவைப் பொதுச் செயலாளர் ஊ தாண்ட் வெளியிட்டதோ செப்டம்பர் 14-இல். முகூர்த்தம் குறித்த பிறகு பொருத்தம் பார்த்த கதையாக இது இருக்கிறதே என்று ஜகார்த்தா சினம் கொண்டதில் வியப்பில்லை.

இடையில் வந்த ஆகஸ்டு 31-ஐயும் சிலர் வீணாக்கவில்லை. அன்று சபா தன்னாட்சி பெற்றது. சிங்கப்பூர் தன்னிச்சையாகவே விடுதலையை அறிவித்துக்கொண்டது. அந்தச் சிங்கப்பூர் 1965 ஆகஸ்டு 9 அன்று பிரிந்து போனதை நீங்கள் அறிவீர்கள். செப்டம்பர் 16 நாடு முழுவதற்குமான பொது விடுமுறையானது 2010 முதல்தான். ஏறத்தாழ அரை நூற்றாண்டு பொறுத்திருந்து கிடைத்த விடுமுறை என்று மகளிடம் சொல்லுங்கள்.

செந்தூல் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்: பள்ளி அறிவிப்புப் பலகைக்காக இதே தேதிக்குரிய பிற நிகழ்ச்சிகளையும் பிறந்தநாள்களையும் தொகுக்கிறேன். எவற்றைச் சேர்க்கலாம்?

பதில்: முதலில் எம். எஸ். சுப்புலட்சுமி. 1916 செப்டம்பர் 16 அன்று மதுரையில், வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகளாகப் பிறந்தார். 1966-இல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடினார். 1998-இல் பாரத ரத்னா விருது பெற்றார். ப. சிதம்பரமும் நடிகை மீனாவும் இதே தேதியில் பிறந்தவர்கள்தாம் என்றாலும், இடம் குறைவாக இருந்தால் அந்த வரியை விட்டுவிடலாம்.

நான் விடவே கூடாது என்று சொல்வது, பிறந்தநாள் அல்லாத ஒன்றை. மலேரியாக் கிருமி கொசுவுக்குள் வளர்வதை 1897-இல் செகந்தராபாத்தில் கண்டறிந்த ரொனால்ட் ராஸ், 1932 செப்டம்பர் 16 அன்று இலண்டனில் காலமானார். அவருக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று மாணவர்கள் கேட்டால், கிள்ளானைக் காட்டுங்கள். இன்று போர்ட் கிள்ளான் என்று நாம் அழைக்கும் சுவெட்டன்ஹாம் துறைமுகம் 1901-இல் திறக்கப்பட்ட சில வாரங்களிலேயே மலேரியாவால் நிலைகுலைந்து, அதை மூடிவிடலாமா என்ற பேச்சு வரை போனது. அங்கு மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், ராஸின் கண்டுபிடிப்பை நம்பிச் சதுப்பு நிலங்களின் நீரை வடியச் செய்து காய்ச்சலைக் கட்டுப்படுத்தினார். பின்னர் அதே முறையை ரப்பர் தோட்டங்களுக்கும் கொண்டு சென்றார். அந்தத் தோட்டங்களில் காய்ச்சலுக்குப் பலியாகிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் நம் பாட்டன், பூட்டன்மார்.

உலக நிகழ்ச்சிகளில், ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரியல் உடன்பாடு 1987-இல் இதே நாளில் கையெழுத்தானது. அதனால்தான் சர்வதேச ஓசோன் தினமும் இன்றைக்கே அமைந்தது. பாப்புவா நியூ கினி 1975-இல் இதே நாளில் ஆஸ்திரேலியாவிடமிருந்து விடுதலை பெற்றது.

ஜார்ஜ் டவுன் வாசகர்: செப்டம்பர் 16 'குவாக்கமோலே தினம்' என்று ஒரு நாட்காட்டியில் பார்த்தேன். இதெல்லாம் யார் முடிவு செய்வது?

பதில்: அவகாடோப் பழத்தை மசித்து, வெங்காயம், மிளகாய், எலுமிச்சைச் சாறு, உப்புச் சேர்த்துச் செய்யும் மெக்சிகோ நாட்டு உணவு அது. அமெரிக்காவில் கொண்டாடப்படும் இந்த நாள், மெக்சிகோவின் சுதந்திர தினத்தோடு ஒன்றாக வருகிறது. 1810 செப்டம்பர் 16 அதிகாலையில், டொலோரெஸ் என்னும் ஊரில் மிகுவேல் இதால்கோ என்ற பாதிரியார் தேவாலய மணியை அடித்து மக்களைக் கிளர்ச்சிக்கு அழைத்தார். விடுதலை கைகூட 1821 வரை ஆனது. ஆயினும் மெக்சிகோ மக்கள் போராட்டம் தொடங்கிய நாளையே கொண்டாடுகிறார்கள். உணவுப் பெயர்களைத் தாங்கிய தினங்களை அறிவிக்க எந்த நாடாளுமன்றமும் கூட வேண்டியதில்லை. வணிகர் சங்கமோ ஆர்வமுள்ள தனி ஒருவரோ அறிவித்தால் போதும். நாட்காட்டி அச்சிடுவோருக்கும் வெற்றுக் கட்டம் நிரம்புகிறது.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: ஒன்றும் ஆறும் கூட்டினால் ஏழு. இத்தனை பெரிய நிகழ்ச்சிகள் ஒரே தேதியில் வருவதற்கு எண்கணிதம் காரணமாக இருக்குமோ?

பதில்: அப்படியானால் முந்தைய நாளுக்கும் அடுத்த நாளுக்கும் என்ன காரணம் சொல்வீர்கள்? அறிஞர் அண்ணா பிறந்தது 1909 செப்டம்பர் 15. தந்தை பெரியார் பிறந்தது 1879 செப்டம்பர் 17. உலக வரலாறு முழுவதையும் 366 கட்டங்களுக்குள் அடைத்தால், எந்தக் கட்டமும் நெரிசலாகத்தான் இருக்கும். 23 பேர் கூடும் இடத்தில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு பாதிக்கும் மேல். 35 மாணவர்கள் கொண்ட வகுப்பில் அது சுமார் 81 விழுக்காடு. மேலே சொன்ன ஆசிரியர் தம் வகுப்பிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

செபராங் ஜெயா வாசகி: மேஃபிளவர் கப்பல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் புறப்பட்டது 1620 செப்டம்பர் 16 என்று ஒரு நூலும், செப்டம்பர் 6 என்று மற்றொரு நூலும் கூறுகின்றன. எது சரி?

பதில்: இரண்டும் சரி. இங்கிலாந்து அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. இன்றைய கிரிகோரியன் நாட்காட்டிக்கு அது 10 நாள் பின்தங்கியிருந்தது. பிரிட்டன் 1752-இல் புதிய முறைக்கு மாறியபோது அந்த வேறுபாடு 11 நாளாகி, செப்டம்பர் 2-க்கு மறுநாளே செப்டம்பர் 14 என்று கணக்கிடப்பட்டது. பலகையில் எழுதுவதானால், 'புதிய நாட்காட்டிப்படி' என்று ஒரு குறிப்பைச் சேர்த்துவிடுவது நல்லது.