மீன் பெட்டி ஐஸ், ஒரு தார்ப்பாய், அரை மணி நேரம்

ராமநாதபுரம் கடற்கரையோர ஆரம்ப சுகாதார நிலையங்களில் 31 வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உப்பளம், பனங்காடு, கடல்பாசி, படகு என்று எல்லா வேலைக்காரர்களும் வெயிலில் விழுந்து என் முன்னால் வந்து கிடந்திருக்கிறார்கள். கத்திரி தொடங்கும் முன் கேட்க வேண்டியதைக் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

சிஸ்டர், பேப்பரில் "வெப்ப பக்கவாதம்" என்று போடுகிறார்களே, வெயில் அடித்தால் கை கால் விழுந்துவிடுமா? (தொண்டி)

விழாது. "ஹீட் ஸ்ட்ரோக்" என்பதை யாரோ அவசரத்தில் மொழிபெயர்த்த பெயர் அது. எத்தனை பேரைப் பயமுறுத்தியிருக்கிறதோ. வெயில் தாக்கு என்றால், உடம்பு தன் சூட்டை வெளியேற்ற முடியாமல் தோற்றுப்போவது. உள்சூடு 40 டிகிரியைத் தாண்டும், அதாவது 104 பாரன்ஹீட். அந்தச் சூட்டில் முதலில் தடுமாறுவது மூளை. அதனால் தெர்மாமீட்டரைத் தேடாதீர்கள், ஆளின் பேச்சைப் பாருங்கள். சம்பந்தமில்லாமல் பேசுகிறாரா, காரணமில்லாமல் கோபப்படுகிறாரா, நடை தள்ளாடுகிறதா, வலிப்பு வருகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் வெயில் தாக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். "குடிச்சிருக்கான்" என்று ஓரமாகப் படுக்கப்போட்டு விட்டுப்போன ஆளை நான் பார்த்திருக்கிறேன். அவர் ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை.

வேர்வை நின்றுபோனால்தான் ஆபத்து, வேர்க்கிற வரை பயமில்லை என்கிறார்களே? (மூக்கையூர்)

பாதி உண்மை. வீட்டுக்குள்ளேயே வெந்துபோகிற வயசானவர்களுக்குத் தோல் காய்ந்திருக்கும். மூட்டை தூக்குகிறவர், படகு தள்ளுகிறவர் விழும்போது உடம்பு நனைந்தே இருக்கும். வேர்வையை நம்பி ஏமாறாதீர்கள்.

உங்கள் அனுபவத்தில் மறக்க முடியாதது எது, அக்கா? (சாயல்குடி)

என் தப்புதான். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், வைகாசி. உப்பளத்தில் உப்பை வாரிச் சேர்க்கும் வாரு பலகையை இழுத்துக்கொண்டிருந்தவரை மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். உடம்பு அனல். காய்ச்சல் என்று பாராசிட்டமால் ஊசி போட்டேன். காய்ச்சல் என்பது உடம்பே ஏற்றிக்கொள்ளும் சூடு, அதற்கு அந்த மருந்து கேட்கும். இது வெளியிலிருந்து ஏறிய சூடு, எந்த மாத்திரைக்கும் இறங்காது. பாராசிட்டமால் ஏற்கெனவே அடிவாங்கிய ஈரலுக்குக் கூடுதல் சுமை வேறு. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வண்டிக்குக் காத்திருந்தோம், ஒரு மணி நேரத்துக்கு மேல். வண்டியில் ஏற்றும்போது அவர் மனைவி போர்வை போர்த்தினார். நான் தடுக்கவில்லை. வாசலில் தொட்டி நிறைய உவர்த்தண்ணீர் இருந்தது. ஒரு வாளி எடுத்து ஊற்ற எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் அவருக்கு டீ நிறத்தில் சிறுநீர் போனதாம், அப்புறம் அதுவும் நின்றுவிட்டதாம். நாலாம் நாள் போய்விட்டார். இப்போதும் அந்தத் தொட்டிதான் நினைவுக்கு வருகிறது.

அப்படியானால் ஆள் விழுந்ததும் என்ன செய்ய வேண்டும், வரிசையாகச் சொல்லுங்கள். (பாம்பன்)

வரிசை ஒன்றுதான்: முதலில் குளிரவை, அப்புறம் வண்டியில் ஏற்று. ஒருவர் 108க்குப் போன் போடட்டும், மற்றவர்கள் வேலையைத் தொடங்கட்டும். அரை மணி நேரத்துக்குள் உடம்புச் சூட்டை 40க்குக் கீழே இறக்கிவிட்டால் அநேகமாக ஆள் பிழைத்துக்கொள்வார். நம் ஊரில் ஆம்புலன்ஸ் வந்து ஆஸ்பத்திரி சேரவே அந்த அரை மணி போய்விடும். ஆகையால் சிகிச்சை நடக்க வேண்டிய இடம் ஆள் விழுந்த இடம்தான்.

மதுரைக்காரர்களுக்கு இல்லாத வசதி ஒன்று நமக்கு உண்டு. மீன் இறங்குகிற கரையில் எந்நேரமும் ஐஸ் இருக்கும். சில வருடங்களுக்கு முன் ஏலம் நடக்கும் இடத்தில் ஓர் இளைஞர், இருபத்தைந்து வயதிருக்கும். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து முதல் வாரம். வலையை இழுத்துப்போட்டவர் திடீரென்று தன் தம்பியையே "நீ யாருடா" என்று கேட்டிருக்கிறார், உட்கார்ந்தார், சரிந்தார். நான் மீன் வாங்கப் போயிருந்தேன். நாலு பேரைத் தார்ப்பாயை விரிக்கச் சொல்லி, நடுவில் அவரைப் போட்டு, நாலு மூலையையும் தூக்கிப் பிடிக்க வைத்தேன், தொட்டில் மாதிரி. அதற்குள் கடல் தண்ணீரும் மீன் பெட்டி ஐஸும். தலை மட்டும் வெளியே, ஒருவர் கையில். தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்கச் சொன்னேன், இல்லாவிட்டால் தோலை ஒட்டிய தண்ணீர் சூடேறி அப்படியே நிற்கும். பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் கண் திறந்தார். முதலில் கேட்டது: "என்ன இப்படி மீன் நாத்தம்?" பேச்சு தெளிந்து குளிரில் நடுங்கத் தொடங்கியதும் வெளியே எடுத்துவிட்டோம். ஆஸ்பத்திரிக்கும் அனுப்பினோம். எழுந்துவிட்டார் என்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது, சிறுநீரகமும் ஈரலும் ஒரு நாள் கழித்துத்தான் கணக்கைக் காட்டும்.

தார்ப்பாய் இல்லையா? சட்டையைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஐஸைத் துணியில் சுற்றி கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வையுங்கள். காசு கொடுத்து வாங்கிய குடத்துத் தண்ணீர் எதற்கு, உவர்க்கிணற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் தாராளமாகப் போதும். நினைவு தெளியாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஆளைத் தூக்கிக் கடலுக்குள்ளும் இறங்காதீர்கள், அலை ஒன்று வந்தால் போச்சு.

நாங்கள் பாசி எடுக்கப் போகிற பெண்கள். தண்ணி குடி, தண்ணி குடி என்கிறீர்கள். குடித்தால் எங்கே போவது, நர்ஸம்மா? (மண்டபம் பக்கம்)

இந்தக் கேள்விக்கு இத்தனை வருடம் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். உப்பளப் பெண்களும் இதையேதான் கேட்பார்கள். காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, மத்தியானம் வரை ஒதுங்க இடமில்லை என்று நாக்கை நனைத்துக்கொண்டே காலம் தள்ளுகிறார்கள். முடிவில் நீர்க்கடுப்பு, சிறுநீரகக் கல், மயக்கம். மறைவிடம் இல்லாத இடத்தில் தண்ணீர் குடி என்று சொல்வது வெறும் பேச்சு. நாலு கம்பும் பழைய படகுப் பாயும் இருந்தால் ஒரு மறைப்பு கட்டலாம். ஓர் உப்பளத்தில் பெண்கள் பதினைந்து பேர் சேர்ந்து கேட்டார்கள், கங்காணி முனகிக்கொண்டே கட்டிக் கொடுத்தார். ஒருத்தி மட்டும் கேட்டிருந்தால் நடந்திருக்காது.

அதுவரை ஒன்று செய்யுங்கள். கிளம்புமுன் இரண்டு டம்ளர் குடியுங்கள். வெயிலில் வேலை செய்கிறபோது போகிற தண்ணீரில் பெரும்பகுதி வேர்வையாகவே போய்விடும், நீங்கள் பயப்படும் அளவுக்கு ஒதுங்க வேண்டியிருக்காது. கால் மணி, இருபது நிமிஷத்துக்கு ஒரு டம்ளர். தாகம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். புடவைக்கு மேல் போடுகிற ஆம்பளைச் சட்டை நல்ல வழக்கம்தான், பருத்தியாக இருக்கட்டும்.

ஓ.ஆர்.எஸ். நல்லதா, பதநீர் நல்லதா? (நரிப்பையூர்)

பதநீரில் இனிப்பு நிறைய, உப்பு குறைவு. குடியுங்கள், நானும் குடிப்பேன், ஆனால் நாள் முழுக்க வேர்த்தவருக்கு அது மட்டும் போதாது. சர்க்கரை நோயாளிகள் பார்த்துக் குடிக்க வேண்டும். கள் கூடவே கூடாது. என் ஓட்டு நீராகாரத்துக்கு: முந்தின நாள் சோற்றுத் தண்ணீர், கல் உப்பு, சின்ன வெங்காயம். (வெங்காயத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் வெயில் அடிக்காது என்பவர்களுக்கு: கடித்துச் சாப்பிடுங்கள், அதற்காவது ஆகும்.) பெரிய ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை முழு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், டம்ளரில் கரைத்துக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

எங்க வாப்பாவுக்கு 68 வயசு. பிரஷர் மாத்திரையோடு, சிறுநீரை அதிகம் போக வைக்கிற நீர் மாத்திரையும் சாப்பிடுகிறார்கள். கோடையில் நிறுத்தலாமா? (கீழக்கரை)

நீங்களாக நிறுத்தாதீர்கள். கோடைக்கு முன் டாக்டரிடம் காட்டி அளவைக் கேளுங்கள், எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். மனநோய்க்கான மாத்திரைகள் சில, அலர்ஜி மாத்திரைகள் சில வேர்வையையே குறைத்துவிடும். அவற்றைச் சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். தகரக் கூரை வீடென்றால் மேலே பனையோலை பரப்புங்கள், அல்லது சுண்ணாம்பு அடியுங்கள்.

வேலூரில் 42 டிகிரி, நமக்கு 37தான். கடல் காற்றும் இருக்கிறது. இவ்வளவு பயம் தேவையா, அத்தை? (தேவிபட்டினம்)

தேவைதான், மருமகனே. வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். நம் காற்றில் ஏற்கெனவே ஈரம், வேர்வை காயாமல் வழிந்து வீணாகிறது. வானிலைத் துறையே வெப்ப அலைக்கான கணக்கைச் சமவெளிக்கு 40 என்றும் கடற்கரைக்கு 37 என்றும் வைத்திருப்பது சும்மா இல்லை. கச்சான் என்கிற மேற்குக் காற்று ஓங்கி வீசுகிற நாளில் கடல் காற்று பிந்தித்தான் வரும். அது வருகிற வரைக்கும் உள்ள நேரம்தான் மோசம்.

சவுதியில் இருந்தபோது ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12 முதல் 3 வரை வெயிலில் வேலை கிடையாது. இங்கே விறகை மூடி எரித்துக் கரியாக்குகிற கரிமூட்டத்தில் அப்படி யார் விடுகிறார்கள்? (கமுதி பக்கம்)

யாரும் விடுவதில்லை, தெரியும். கரிமூட்டம் பிரிக்கிறவருக்கு மேலே வெயில், கீழே தணல். அந்த வேலையை விடியற்காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், தனியாகப் போகாதீர்கள். புதிதாக வருகிறவர், நோயில் கிடந்து எழுந்தவர், தடைக்காலத்தில் இரண்டு மாதம் சும்மா இருந்தவர், இவர்களுக்கு முதல் நாள் முழு வேலை கொடுக்காதீர்கள். ஐந்தில் ஒரு பங்கில் தொடங்கி நாளுக்கு நாள் கூட்டுங்கள். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். நான் மேலே சொன்ன இளைஞர் விழுந்ததும் முதல் வாரத்தில்தான்.

வெயிலில் இறந்தால் அரசு உதவி உண்டா? (ஏர்வாடி)

உண்டு. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். ஆள் எங்கே, எத்தனை மணிக்கு, என்ன வேலையில் விழுந்தார் என்பதை டாக்டரிடம் தெளிவாகச் சொல்லி எழுத வையுங்கள். "திடீர் மாரடைப்பு" என்று எழுதிவிட்டால் அப்புறம் அலைய வேண்டியதுதான்.

நான் கரையில் ஐஸ் உடைத்து விற்கிறவன். யாராவது ஓடி வந்து ஐஸ் கேட்டால் காசு கேட்கலாமா, சிஸ்டர்? (ராமேஸ்வரம்)

முதலில் கொடுங்கள் தம்பி, கணக்கு அப்புறம். நான் சொன்ன அந்த இளைஞர் அடுத்த வாரம் ஐஸுக்குக் காசு கொடுக்க வந்தார். ஐஸ்காரர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மீன்காரம்மாதான் விடவில்லை, "ஐஸை எடுத்தீங்க, என் மீன் கெட்டுச்சுல்ல" என்று இரண்டு கிலோ நெத்திலிக்கு எண்ணி வாங்கிக்கொண்டார்.