நெல்லையில் இருந்தபடி மேக்னெட்டார் வெடிப்பைப் பதிவு செய்ய முடியுமா?

கேள்வி கேட்டவர் பாளையங்கோட்டையில் இயற்பியல் படிக்கும் மாணவர். மாடியில் இருக்கும் சின்னத் தொலைநோக்கியில் மேக்னெட்டாரின் (மிக வலிமையான காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன்) எக்ஸ்-ரே வெடிப்பு தெரியுமா என்கிறார்.

தெரியாது தம்பி. எக்ஸ்-கதிரைக் காற்று மண்டலம் மேலேயே விழுங்கிவிடும். ஆஸ்ட்ரோசாட், ஃபெர்மி போன்ற ஆய்வுச் செயற்கைக்கோள்கள் விண்ணில் சுற்றுவது அதனால்தான். ஆனால் நமக்கு வழி இருப்பதும் அங்கேதான். அந்தக் கதிர் காற்று அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கும்போது அயனி மண்டலத்தின் (உயரே மின்னூட்டம் பெற்ற காற்று அடுக்கு) அடி விளிம்பு கீழே இறங்கும். அதில் பட்டுத் திரும்பும் வி.எல்.எஃப் (மிகக் குறைந்த அதிர்வெண்) ரேடியோ அலையின் பலம் உடனே மாறும். 1998 ஆகஸ்ட் 27-ல் எஸ்ஜிஆர் 1900+14 என்ற மேக்னெட்டார் வெடித்தபோது, இரவு நேரத்தில் 85 கிலோமீட்டர் உயரத்தில் இருந்த விளிம்பு 60-க்கு இறங்கியதை இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். அதுவும் பல்லாயிரம் ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து!

வி.எல்.எஃப் என்றதும் நம்மூர்க்காரர்களுக்கு விஜயநாராயணம் நினைவுக்கு வரும். அங்கே கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் 18.2 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது. உலகம் முழுக்க அயனி மண்டல ஆய்வாளர்கள் அதைக் கேட்கிறார்கள். ஆனால் உங்களுக்கு அது உதவாது. இவ்வளவு பக்கத்தில் தரையோடு வரும் அலையே மேலோங்கி நிற்கும். ஆஸ்திரேலியாவின் வடமேற்கு முனையிலிருந்து 19.8 கிலோஹெர்ட்ஸில் வரும் என்.டபிள்யூ.சி. நிலையத்தின் அலையைப் பிடியுங்கள். செப்புக் கம்பியைப் பல சுற்று சுற்றிய வளைய ஆண்டெனா, ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர், 48 கிலோஹெர்ட்ஸில் பதியும் சவுண்ட் கார்டு போதும்.

முதலில் பகலில் சூரியத் தீச்சுடர்களைப் பிடித்துப் பழகுங்கள், அவை அடிக்கடி வரும். மேக்னெட்டாருக்கு இரவுதான் சரி. பகலில் சூரியனே அயனியாக்கிக்கொண்டிருப்பதால், வெயிலில் டார்ச் அடித்த கதையாகிவிடும். இன்னொன்று, மேக்னெட்டார்களின் சாதாரண வெடிப்புகள் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும். பெரும்பாலும் உங்கள் பதிவில் தடம் இருக்காது. ராட்சத வெடிப்புகள்தான் உறுதியாகத் தெரியும். நம் பால்வெளியிலும் பக்கத்துக் குட்டி விண்மீன் மண்டலமான மெகல்லன் மேகத்திலும் சேர்த்து அப்படிக் கண்டவை 1979, 1998, 2004 என மூன்றே மூன்று.

2004 டிசம்பர் 27 வெடிப்பு (எஸ்ஜிஆர் 1806-20) வந்தபோது இங்கே மணி 28-ஆம் தேதி அதிகாலை மூன்று. அந்த மேக்னெட்டார் இருக்கும் தனுசு ராசி அப்போது பூமிக்கு மறுபக்கம் இருந்தது. சுனாமிக்கு அதுதான் காரணம் என்று இன்னும் சிலர் முடிச்சுப் போடுகிறார்கள். சுனாமியைக் கிளப்பிய நிலநடுக்கம் வந்து 44 மணி நேரம் கழித்துத்தான் அந்தக் கதிர் பூமிக்கே வந்தது. அப்புறம் என்ன காரணம்?

அப்படி அடுத்த ராட்சத வெடிப்புக்காகக் காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால், ஃபெர்மியின் தரவுகள் இலவசம். எஸ்ஜிஆர் 1935+2154 மட்டுமே நூற்றுக்கணக்கில் வெடித்திருக்கிறது, அதன் ஒளி வளைவை (நேரத்தோடு வெளிச்சம் மாறும் வரைபடம்) நீங்களே வரையலாம். ஆண்டெனா போடுவதானால் கணினிக் கடிகாரத்தை இணைய நேரத்தோடு நொடி பிசகாமல் ஒத்திசைத்து வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மின்னல் இரைச்சலில் வரும் ஏற்ற இறக்கத்தையெல்லாம் செயற்கைக்கோள் பதிவு செய்த வெடிப்பு நேரத்தோடு ஒப்பிட்டுத்தான் கழிக்க முடியும்.