வாடகை வீட்டுக்கு மாடுலர் கிச்சன்: கடன் வாங்கிச் செய்யலாமா?

கேள்வி: திருச்சியில் வேலை பார்க்கிறேன், வயது 46. சென்னை குரோம்பேட்டையில் எனக்கு ஒரு டபுள் பெட்ரூம் ஃபிளாட் இருக்கிறது. ஐந்து வருடமாக ஒரே குடும்பம்தான் குடியிருக்கிறது, வாடகை 18,000 ரூபாய். சமையலறை கட்டியபோது போட்டதுதான்: கடப்பா கல் தட்டு, கதவில்லாத அலமாரி. சிங்க் பக்கம் தண்ணீர் கசிந்து கீழ்வீட்டுச் சுவர் ஓதம் காக்கிறது. மாடுலர் கிச்சனுக்கு 3,80,000 ரூபாய் கொட்டேஷன் வந்திருக்கிறது. இதில் குழாய், வயரிங், டைல்ஸ், கிரானைட் வேலைக்கு 95,000. மீதி 2,85,000 கேபினெட், சிம்னி, ஹாபுக்கு (மேடையில் பதிக்கும் அடுப்பு). மாடுலர் போட்டால் மாதம் 2,000 ஏற்றித் தருவதாக வாடகைக்காரர் சொல்கிறார். கிரானைட்டும் அலமாரிக்குக் கதவும் மட்டும் என்றால் 1,500. என்னிடம் டெபாசிட்டில் 2,50,000 இருக்கிறது. 14% வட்டிக்குப் பர்சனல் லோன் கிடைக்கும். முழுச் செலவையும் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று கான்ட்ராக்டர் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: கான்ட்ராக்டர் சொன்னதை முதலில் ஒதுக்கி வையுங்கள். வாடகை வருமானத்தில் சொத்து வரியைக் கழித்தபின் 30 சதவீதத்தை நிலையான கழிவாக அரசு கொடுத்துவிடுகிறது. நீங்கள் ஒரு ஆணிகூட அடிக்காவிட்டாலும் அந்த 30% உண்டு. நாலு லட்சம் செலவழித்தாலும் அதே 30% தான். பழைய வரி முறை, புதிய வரி முறை இரண்டிலும் இப்படித்தான். அந்தச் செலவுக்காக வாங்கும் கடனின் வட்டியை மட்டும் வாடகை வருமானத்தில் தனியாகக் கழிக்கலாம். அதற்காகக் கடன் வாங்கினால், நூறு ரூபாய் வட்டி கட்டி இருபது ரூபாய் வரியை மிச்சம் பிடிப்பதாகத்தான் முடியும்.

உங்கள் கொட்டேஷனில் இரண்டு வேறு செலவுகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. அந்த 95,000 வீட்டைக் காப்பாற்றும் செலவு. கீழ்வீட்டுச் சுவர் ஓதம் காக்கிறது என்றீர்களே, அதில் லாப நஷ்டம் பார்க்க இடமில்லை. இந்த மாதமே செய்யுங்கள். இன்னும் ஒரு மழைக்காலம் போனால் கீழ்வீட்டுக்காரர் சீலிங் பூச்சுக்கும் பெயின்டுக்கும் உங்களிடம்தான் பில் நீட்டுவார்.

மிச்சமுள்ள 2,85,000 தான் வாடகையை உயர்த்துவதற்கான செலவு. மாதம் 2,000 என்றால் வருடத்துக்கு 24,000. முப்பது சதவீதம் கழிவு போக 16,800-க்கு வரி. நீங்கள் 20% வரம்பில் இருப்பதாக வைத்துக்கொண்டால், செஸ்ஸோடு சேர்த்து சுமார் 3,500 போய்விடும். கைக்கு வருவது 20,500. போட்ட பணம் திரும்ப ஏறக்குறைய 14 வருடம் ஆகும். வாடகை வீட்டுச் சமையலறையில் ஒரு கேபினெட் பத்து வருடம் தாங்கினாலே அது உங்கள் அதிர்ஷ்டம். அதே 2,85,000 ஏழு சதவீத டெபாசிட்டில் கிடந்தால் வரி போக வருடத்துக்கு 15,800 கிடைக்கும், அசலும் அப்படியே இருக்கும். வருடத்துக்கு 4,700 ரூபாய் அதிகம் கிடைக்கிறதே என்று அசலையே உளுத்துப்போக விடுவானேன்?

இந்தத் தப்பை நானும் செய்தவன்தான். என் ஃபிளாட்டை வாடகைக்கு விடும் முன் பந்தாவாக எம்.டி.எஃப் பலகையில் (மரத்தூளை அழுத்திச் செய்வது) கேபினெட் போட்டேன், வெளிர் பச்சை, மேட் ஃபினிஷ். இரண்டு வருடம் கழித்துப் போய் சிங்க் அடியில் கதவைத் திறந்தேன். கீல் கையோடு வந்துவிட்டது. அடிப்பலகை டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி ஊதிக் கிடந்தது, மூலையில் கரப்பான் குடும்பம். வாடகைக்காரரைக் குறை சொல்ல முடியவில்லை. தினமும் மாவாட்டி, கிரைண்டரைக் கழுவி, மூன்று வேளை தாளிக்கிற வீடு. எங்கள் பகுதி போர் தண்ணீரின் உப்பும் சேர்ந்துகொண்டது. போட்டுத் தந்த கடைக்காரர் ஃபோனை எடுக்கவே இல்லை.

அதனால் அலுமினியக் கதவுக்கே போங்கள். கடப்பா தட்டு இருக்கட்டும். அது கரையானுக்கும் அசையாது, தண்ணீருக்கும் அசையாது. அதன் முன்னால் அலுமினிய ஃபிரேமில் கதவு அடித்து, மேலே கருப்பு கிரானைட் போட்டால் மஞ்சள் கறையும் தெரியாது. கிரானைட் அந்த 95,000-இலேயே வந்துவிட்டது. கதவுக்கு 35,000 ஆகும் என்று வைத்துக்கொள்வோம், கட்டாயம் ஒன்றுக்கு இரண்டு கொட்டேஷன் வாங்குங்கள். மாதம் 1,500 கூடினால் வரி போக வருடத்துக்கு 15,400 நிற்கும். கதவுக்குப் போட்ட பணம் இரண்டரை வருடத்துக்குள் வந்துவிடும். இதற்குமேல் மாடுலர் போனால் இன்னும் 2,50,000 இறக்க வேண்டும், அதற்குக் கிடைப்பது மாதம் 500 ரூபாய். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அதுதான் இது.

அடுப்பு மேடையில் 15 ஆம்ப் பிளக் குறைந்தது இரண்டு வையுங்கள், குடிநீர் ஃபில்டருக்கு ஒரு குழாய் பாயின்ட் விடுங்கள். அடுத்த வாடகைக்காரர் வீடு பார்க்க வரும்போது அந்த அம்மா நேராகச் சமையலறைக்குத்தான் போவார், பிளக்கைத்தான் எண்ணுவார். வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் 18,000 போச்சு, அதாவது ஒரு வருடம் ஏற்றி வாங்கிய 1,500 ரூபாய் முழுவதும் காலி. சிம்னி, ஹாப் வேண்டாம். ஆசைப்பட்டால் வாடகைக்காரர் தானே வாங்கி மாட்டிக்கொண்டு, போகும்போது கழற்றிக்கொண்டு போகட்டும்.

மொத்தம் 1,30,000. டெபாசிட்டிலிருந்து எடுங்கள், 1,20,000 அவசரத்துக்கு மிஞ்சும். பர்சனல் லோன் வேண்டவே வேண்டாம். 3,80,000-ஐ 14% வட்டியில் நான்கு வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை 10,400 ரூபாய் அளவுக்கு வரும், வட்டி மட்டும் 1,18,000. இரண்டாயிரம் ரூபாய் வாடகை உயர்வுக்குப் பத்தாயிரம் ரூபாய் தவணையா?

வாடகை உயர்வை வாய்ப்பேச்சோடு விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து அமலில் இருக்கும் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டப்படி, குடியிருக்கும்போதே வீட்டை மேம்படுத்தி வாடகையை ஏற்ற வேண்டுமானால், வேலை ஆரம்பிக்கும் முன்பே எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். வேலை முடிந்து ஒரு மாதம் கழித்து உயர்வு அமலுக்கு வரும். சாதாரணப் பழுதுபார்ப்புக்கு இது பொருந்தாது. ஆகவே கசிவை அடைத்ததற்கு வாடகை ஏற்றுகிறேன் என்று எழுதாதீர்கள், புதிதாகச் சேர்க்கும் கிரானைட், கதவு, பாயின்ட் இவற்றைக் குறிப்பிடுங்கள். அதே சட்டத்தின் அட்டவணையில் குழாய் மாற்றுவதும் வயரிங்கும் உங்கள் பொறுப்பு. டேப் வாஷர், சமையலறைப் பொருத்துகளின் பழுது வாடகைதாரர் பொறுப்பு. இதையும் ஒரு வரி சேர்த்துக்கொண்டால் பிறகு ஒவ்வொரு கீலுக்கும் திருச்சிக்கு ஃபோன் வராது.

‘நாங்களே செலவு செய்கிறோம், வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்று அவர் கேட்கவும் வாய்ப்புண்டு. கழித்துக்கொண்டாலும் வரிக்கணக்கில் முழு வாடகையும் உங்கள் வருமானம்தான். ‘கைக்கு வரவில்லையே’ என்று குறைத்துக் காட்டக்கூடாது.

பில்களை ஜி.எஸ்.டி எண்ணோடு வாங்கி வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். பிற்காலத்தில் ஃபிளாட்டை விற்றால், புதிதாகச் சேர்த்ததற்கும் மாற்றியமைத்ததற்கும் ஆன செலவை மூலதன ஆதாயக் கணக்கில், அதாவது விற்ற லாபத்துக்கான வரிக்கணக்கில், வாங்கிய விலையோடு சேர்த்துக் காட்டலாம். வெறும் பழுதுச் செலவு அதில் சேராது. எனவே ‘கிச்சன் வேலை, மொத்தம்’ என்று ஒற்றை வரியில் பில் தந்தால் வாங்காதீர்கள், தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

அந்தக் குடும்பம் ஊருக்குப் போகும் பத்து நாளாகப் பார்த்து வேலையை வையுங்கள். அடுப்பு மேடையை உடைத்துப்போட்டு, பாத்திரத்தை ஹாலில் அடுக்கிவிட்டு, அவர்களை ஹோட்டலில் சாப்பிட விட்டால் 1,500 ஏற்றித் தருகிறேன் என்று சொன்னவரே அதைத் திரும்பப் பேரம் பேசுவார்.