வாசகர் கேள்வி: மீன் இல்லாத ஜப்பான் சமையல்

கேள்வி: மருமகள் வீகன். மீன், முட்டை, பால் எதுவும் தொடுவதில்லை. ஆனால் ஜப்பான் சாப்பாடு என்றால் உயிர். மிசோ சூப்பும் சூஷியும் வீட்டில் செய்ய வழி உண்டா?
- ஒரு மாமியார், மன்னார்குடி

பதில்: தாராளமாக. சிக்கலே மிசோ சூப்புக்கு அடிப்படையான தாஷி என்கிற சாறில்தான் இருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலும் அதில் புகைபோட்டுக் காயவைத்த சூரை மீனைச் சீவிப் போடுவார்கள், நம் மாசிக்கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. ஜப்பானின் புத்தமடங்களில் மீனே கிடையாது, அங்கே கொம்பு என்கிற கடல்பாசியும் உலர்ந்த ஷிடாக்கே காளானும்தான். ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கொம்பு, நாலு காளான் போட்டு ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் ஊறவிடுங்கள். காலையில் மெதுவாகச் சூடாக்கி, கொதி வரும் முன்னே கொம்பை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கசந்து வழவழத்துப் போகும். சுவைக்குக் காரணம் கொம்பிலுள்ள குளுட்டமேட். இக்கேடா என்ற வேதியியலாளர் 1908-லேயே கண்டுபிடித்தது. அடுப்பை அணைத்த பிறகே மிசோவை, அதாவது புளிக்கவைத்த சோயா விழுதை, அதில் கரையுங்கள். அப்புறம், மிசோ பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள், சிலதில் மீன்சாறு கலந்தே வரும்!

சூஷி என்பது ஒட்டுகிற சோற்றில் காய்கறி வைத்துச் சுருட்டுவது. அதற்குப் பொன்னி சரிப்படாது, உதிர்ந்துவிடும். குட்டை அரிசி கிடைக்காவிட்டால் கருப்புக் கவுனியை ராத்திரியே ஊறவைத்துக் குழைய வடியுங்கள், ஒட்டும். நிறம் கத்தரிப்பூவாக இருக்கும், எனக்கு அது பிடிக்கும். உள்ளே வெள்ளரி, கேரட், வறுத்த டோஃபு (சோயாப்பால் கட்டி). பனீர் வேண்டாம், அது பால்.