கேளுங்க, சொல்றேன்: இரும்புப் பெட்டியில் ரங்கூன் கணக்கு

கே: பூர்வீக வீட்டைப் பங்கு பிரிக்கிறோம். இரண்டாங்கட்டில் இருந்த இரும்புப் பெட்டியில் ஓர் ஓலைக்கட்டும் ரங்கூன் கணக்குப் புத்தகங்களும் கிடைத்தன. தூணுக்கும் கதவுக்கும் ஆள் வந்து விலை பேசிவிட்டார்கள். இந்தத் தாள்களை என்ன செய்வது?
- வாசகி, பள்ளத்தூர்

ப: ஆச்சி, தூணை விற்பதும் விற்காததும் உங்கள் பங்காளிகள் பாடு, நான் நடுவில் வரவில்லை. தாளை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தேக்கு பர்மாவிலிருந்து வந்தது என்று ஊருக்கே தெரியும். அந்தப் பணம் எந்த ஊர் விவசாயிக்குக் கொடுத்த கடனில், என்ன வட்டியில் வந்தது என்பதைப் பேரேடுதான் சொல்லும்.

கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில், அங்கே வட்டிக்கடை நடத்திய நம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்த நிலம் 1930-இல் 6 சதவீதம். 1938-இல் 25 சதவீதம். நெல் விலை விழுந்தது, கடன்காரரால் கட்ட முடியவில்லை, அடமானம் மூழ்கியது. நிலம் வந்த அளவுக்கு பர்மியர்களின் கசப்பும் வந்தது. 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது செட்டியார்கள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். இதைப் புத்தகத்தில் படிப்பது வேறு. ஒரு விலாசத்தின், அதாவது வட்டிக்கடையின், ஐந்தொகையில் (சொத்து-கடன் கணக்கில்), கடையை நடத்திய மேலாள் கையெழுத்தில், ‘வராக் கடன்’ வருஷா வருஷம் ஏறுவதைப் பார்ப்பது வேறு.

முதல் வேலை: எந்தப் புத்தகத்துக்குப் பக்கத்தில் எது இருந்தது என்று அப்படியே போட்டோ எடுங்கள். அழகாக அடுக்கிவைக்கிற உதவியாளர்களைப் பக்கத்தில் விடாதீர்கள். மெல்லிய தூரிகையால் தூசு தட்டுங்கள். செல்லோடேப், லேமினேஷன் இரண்டும் கூடாது. ஓலைக்குப் புல்தைலம் பூசுவது வழக்கம்தான், ஆனால் அதைத் தெரிந்தவர் கையால் பூசட்டும். தாளில் எண்ணெய் படவே கூடாது. எண்களைப் பார்த்து மலைக்கவும் வேண்டாம்: க ஒன்று, உ இரண்டு, ரு ஐந்து, எ ஏழு, அ எட்டு. மாகாணி (1/16), அரைக்கால் (1/8) போன்ற பின்னங்கள் எல்லாம் மெல்லப் பிடிபடும்.

ஓலையை ஒரு பார்வை பாருங்கள். கல்யாணத்தில் எழுதிய ஒப்பந்த ஓலையான இசைகுடிமானமாக இருந்தால், உங்கள் கொள்ளுப்பாட்டிக்கு என்ன கொடுத்தார்கள் என்பது அதிலேயே இருக்கும். வீட்டில் வைத்துக்கொள்ள முடியாவிட்டால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேளுங்கள். அதுவே கோட்டையூர்ச் சரக்குதான். ரோஜா முத்தையா செட்டியார் அங்கே தன் வீட்டில் புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று ஒரு லட்சத்துக்குமேல் சேர்த்தார். அவர் 1992-இல் காலமானபின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையிலேயே நூலகமாக்கியது. அந்த மனிதர் நோட்டீஸைக் குப்பை என்று நினைத்திருந்தால் இன்று பலருடைய ஆராய்ச்சியே இல்லை.

கே: அப்பத்தாவின் சுருக்குப்பையில் மிளகளவுக்குக் கொஞ்சம் பெரிதாக ஒரு செப்புக் காசு. ஒரு பக்கம் அம்மன், மறு பக்கம் ஏதோ எழுத்து. ரோமானியக் காசா?
- கல்லூரி மாணவர், கானாடுகாத்தான்

ப: ரோமுக்குப் போக வேண்டாம் தம்பி, புதுக்கோட்டையோடு நிறுத்திக்கொள்ளலாம். அது அம்மன் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறு பக்கம் தெலுங்கில் ‘விஜய’. நவராத்திரியில் சமஸ்தானம் அரிசியோடு தானமாகக் கொடுத்த காசு. புளி போட்டு விளக்கிவிடாதீர்கள். அந்தப் பச்சைக் கறையோடு எழுத்தும் போய்விடும்.

ரோமானியக் காசும் இந்தப் பக்கம் கிடைத்திருக்கிறது, ஆனால் வேறு தினுசு. 1898-இல் ஆலங்குடிப் பக்கம் கருக்காக்குறிச்சியில் 501 பொற்காசுகள். பெரும்பாலானவற்றில் பேரரசர் தலைமேல் உளியால் ஒரு வெட்டு. பணமாகச் செல்லாது, தங்கமாக மட்டும் செல்லும் என்று வெட்டினார்கள் என்பார்கள். எனக்கு அது சரியாகப் படுகிறது. மண்ணுக்குள் இப்படி ஏதாவது அகப்பட்டால், மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் என்றாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். சுருக்குப்பைக் காசுக்கு அந்தப் பயமில்லை.

கே: பிள்ளைகளை லீவுக்கு எந்த மியூசியம் கூட்டிப்போகலாம்?
- வாசகர், தேவகோட்டை

ப: கீழடிதான். 2023-இல் திறந்த கட்டடம், நம் செட்டிநாட்டு பாணியிலேயே கட்டியிருக்கிறார்கள். பானை ஓட்டில் ‘குவிரன் ஆதன்’ என்று கீறியிருப்பதைக் காட்டி, பிள்ளைகளையே எழுத்துக்கூட்டச் சொல்லுங்கள். 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரி கி.மு. 580 என்று வந்த கதையை அப்புறம் சொல்லலாம். இன்னொரு நாள் புதுக்கோட்டை திருக்கோகர்ணம் மியூசியம். 1910-லிருந்து இருக்கிறது, கூட்டமே இராது.

கே: எங்கள் வீட்டிலிருந்து திருமயம் கோட்டைக்குச் சுரங்கப்பாதை உண்டாமே, உண்மையா?
- வாசகர், ராயவரம்

ப: கோட்டை ராமநாதபுரம் சேதுபதி காலத்தது, 1687. உங்கள் வீடு, நீங்கள் அனுப்பிய படத்தில் இருக்கும் இரும்புக் கிராதியையும் ஜப்பான் ஓட்டையும் பார்த்தால், நூறு வருஷத்துக்கு இந்தப் பக்கம். யார் எதற்காக யாரிடமிருந்து தப்பிக்கத் தோண்டினார்கள் என்று அந்தக் கதையைச் சொன்னவரையே கேளுங்கள். கிடைக்கிற பதிலை எனக்கும் எழுதுங்கள்.