ஒட்டிய காது வியர்வையில் நழுவுகிறது, எலும்பில் பதிக்கலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட் அருகே செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் என் கணவர் (வயது 44) மோட்டார் சைக்கிள் விபத்தில் இடது காது மடலை இழந்தார். பசையால் ஒட்டும் சிலிக்கோன் காது வியர்வையில் நழுவிவிடுகிறது. எலும்பில் பதித்துப் பொருத்தலாம் என்கிறார்கள். அவருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) உண்டு. செய்யலாமா? செய்தால் காது கேட்குமா?

பதில்: செய்யலாம், ஆனால் அவசரம் வேண்டாம். டைட்டானியம் உலோகத்தோடு எலும்பு இறுகப் பிணைந்துவிடும் என்பதை சுவீடன் நாட்டு மருத்துவ ஆய்வாளர் பிரோனமார்க் 1950களில் கண்டறிந்தார். அந்நாட்டின் கோத்தன்பர்க் நகரில் 1979 முதல் செயற்கைக் காதுகளும் இம்முறையில் பொருத்தப்பட்டு வருகின்றன. காதுத் துளைக்குப் பின்னால், ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் தள்ளி, 3 அல்லது 4 மில்லிமீட்டர் நீளமே உள்ள இரண்டு திருகுகளை மண்டை எலும்பில் பதித்து, எலும்பு பிடிப்பதற்கு மூன்று நான்கு மாதங்கள் விட்ட பிறகே, சிறு கம்பியிலோ காந்தத்திலோ சிலிக்கோன் காதை மாட்டுவார்கள்.

இனிப்பு நீர் கட்டுக்குள் இருந்தால் அது தடையன்று. புகைப்பழக்கம் இருந்தால் இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். கேட்கும் திறனை இது மீட்டுத் தராது. தோற்றத்தைத் தவிர, மடல் ஒலியைச் சேர்த்துத் தருவதும், கண்ணாடியின் காம்பு தங்குவதும் மட்டுமே ஆதாயம். செவித்திறனைத் தனியே சோதித்துக்கொள்ள வேண்டும்.

நான் தயங்கும் இடம் வேறு. திருகைச் சுற்றியுள்ள தோலை மெலிதாக்குவதாலும், எஞ்சிய மடல் துண்டுகளை அகற்ற நேர்வதாலும், விலா எலும்புக் குருத்தெலும்பால் காது கட்டும் வழி பிறகு கடினமாகிவிடும். ஆகவே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அந்த வழியைப் பற்றி முதலில் கேளுங்கள். மேலும், தோலைத் துளைத்து வெளியே நிற்கும் உலோகத்தின் அடியில் அன்றாடம் பொருக்கு படியும். அதை மென்மையான தூரிகையாலும் சோப்பு நீராலும் நாள்தோறும் துடைக்காவிட்டால் தோல் சிவந்து சீழ் பிடிக்கும். காதின் பின்புறம் அவருக்கே தெரியாது என்பதால், அந்த வேலை பெரும்பாலும் உங்கள் கைக்கே வந்து சேரும். இதற்கு மனமொப்பி வருகிறீர்களா என்று இருவரும் பேசிக்கொள்ளுங்கள்.

திருகுகள் நெடுங்காலம் நிலைத்தாலும், வெயிலில் நிறம் மங்கும் சிலிக்கோன் காதை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள். தலைக்கவசம் அணியும்போது காதைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளட்டும். தலைக்கவசத்தை மட்டும் கழற்ற வேண்டாம்.